நாலு மணி நேரம் உட்காராமல் நிற்கிறாள் என் மகள். இது என்ன வழக்கம்?

மதுரைப்பெண் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் ஹூஸ்டன் பக்கம் கேட்டி என்ற ஊரில் இருக்கிறோம். என் பெண் இந்த ஆகஸ்டில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் சேர்ந்தாள். போன ஞாயிறு வீட்டுக்கு வந்தவள் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வருகிறது. மிளகும் மஞ்சளும் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு விசாரித்தேன். வெள்ளிக்கிழமை நடு ராத்திரி ஸ்டேடியத்துக்குப் போயிருக்கிறாள். ஆட்டம் மறுநாள்தான். ராத்திரி போனது கோஷம் போட்டுப் பழகுவதற்காம். மறுநாள் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம் நாலு மணி நேரம் நடந்திருக்கிறது, ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை. "சீட் இருக்குமேடி" என்றேன். "இருக்கும்மா, ஆனா உட்காரக் கூடாது" என்கிறாள்.

துவைக்கப் போட்ட துணியில் ஒரு வெள்ளைத் துண்டு இருந்தது. அதை மட்டும் தனியாக எடுத்து, கையால் அலசி, பால்கனியில் காயப்போட்டாள். வீட்டில் தன் தட்டைக்கூட எடுத்து வைக்காத பெண்!

எனக்குக் கோபமில்லை, புரியவில்லை, அவ்வளவுதான். இவர் "படிக்க அனுப்பினோமா, கத்த அனுப்பினோமா" என்கிறார். அங்கே படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இதில் என்ன இருக்கிறது?


கோவை2009 எழுதியது:

அக்கா, நான் அங்கே எம்.எஸ். படித்தவன். எனக்கு அதுதான் ஊர் என்று சொல்லும் அளவுக்கு அந்த இடம் பிடிக்கும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஏன் உட்காரக் கூடாது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 1922 ஜனவரி 2, டல்லாஸ் நகரம். ஏ அண்ட் எம் அணிக்கும் கென்டக்கியின் சென்டர் காலேஜ் அணிக்கும் ஆட்டம். சென்டர் அப்போது ஹார்வர்டையே தோற்கடித்திருந்த அணி. ஏ அண்ட் எம் பையன்கள் ஒருவர் பின் ஒருவராக அடிபட்டு வெளியே வருகிறார்கள். மாற்று ஆளே இல்லாமல் போய்விடும்போல இருந்தது. கோச் டேனா பைபிளுக்கு ஒரு பையன் ஞாபகம் வருகிறான். ஈ. கிங் கில் என்று பெயர். ஃபுட்பால் அணியில் இருந்துவிட்டு, கூடைப்பந்து ஆடுவதற்காக விலகிப் போனவன். அன்றைக்கு மேலே பத்திரிகைக்காரர்களோடு உட்கார்ந்து, எந்த வீரர் யார் என்று அவர்களுக்கு அடையாளம் காட்டிக்கொண்டிருந்தான். கோச் கூப்பிட்டதும் இறங்கி வந்து, கேலரிக்கு அடியில், அடிபட்ட ஒருவனின் சீருடையை வாங்கிப் போட்டுக்கொண்டு மைதான ஓரத்தில் நின்றான். ஆட்டம் முடியும்வரை நின்றான்.

அவனை ஆடக் கூப்பிடவே இல்லை. ஏ அண்ட் எம் 22க்கு 14 என்று ஜெயித்தது. அவன் பந்தைத் தொடவில்லை. ஆனால் கடைசியில் அணியின் பக்கம் மிச்சமிருந்த மாற்று ஆள் அவன் ஒருவன்தான்.

களத்தில் ஆடுபவர்கள் பதினொரு பேர். அவன் பன்னிரண்டாவது ஆள். அங்கே படிக்கும் ஒவ்வொருவரும் பன்னிரண்டாவது ஆள்தான் என்பது நம்பிக்கை. கூப்பிட்டால் இறங்கி வரத் தயாராக நிற்கிறோம் என்று காட்டத்தான் அந்த நிற்பது. கைல் ஃபீல்ட் என்ற அந்த ஸ்டேடியத்தில் 1,02,733 பேர் உட்காரலாம். அதில் மாணவர் பகுதி முழுக்க, முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை நிற்கும். உங்கள் பெண்ணின் வெள்ளைத் துண்டும் பன்னிரண்டாவது ஆளின் துண்டுதான்.

என் முதல் ஆட்டத்தில் எனக்கு விதி ஒன்றும் தெரியாது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள், இதற்கு எதற்கு ஃபுட்பால் என்று பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பாதியில் கால் வலி தாங்காமல் பெஞ்சில் உட்காரப் போனேன். பக்கத்தில் நின்ற பையன் என்னைத் திட்டவில்லை. தோளில் கை போட்டு, "சாய்ந்துக்கோ, நான் நிற்கிறேன்" என்றான். அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஊரை விட்டு வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது, அதுவரை யாரும் என்னைத் தொட்டுப் பேசியதில்லை.


எண்கணக்கன் எழுதியது:

கதை நன்றாக இருக்கிறது தம்பி. ஆனால் இதன் மறுபக்கத்தையும் அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டும்.

நீங்கள் சொல்லும் அதே பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் தன் தலைமைக் கோச்சை நீக்கியது. ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த காலத்துக்காக அவருக்குத் தர வேண்டியிருந்தது ஏழரைக் கோடி டாலருக்கும் மேல். வேலை பார்க்காமல் இருப்பதற்கு அவ்வளவு பணம். இன்னொன்று, களத்தில் தலையை மோதிக்கொள்ளும் பையன்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து ஒரு டாலர் சம்பாதிக்கக்கூட 2021 ஜூலை வரை அனுமதி கிடையாது. பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தர ஆரம்பித்தது 2025இல்தான். அதற்கு முன் எத்தனை தலைமுறைப் பையன்கள் மண்டையில் அடி வாங்கி, மூளை பாதிக்கப்பட்டு, ஒன்றும் இல்லாமல் போனார்கள்?

நான் படித்தது வேறு மாநிலத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம். ஆட்ட நாளில் என் லேப் இருந்த கட்டடத்துக்கு வண்டியில் போகவே முடியாது, வாகனம் நிறுத்துமிடம் முழுவதும் பணம் கட்டிய ரசிகர்களுக்கு. நானும் விளையாட்டுக் கட்டணம் கட்டினேன், ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.

அதோடு, இந்தப் பாசம் எப்போது வெறியாக மாறும் என்று சொல்ல முடியாது. அலபாமா மாநிலத்தில் ஆபர்ன் என்று ஒரு ஊர். ஜெயித்தால் டூமர்ஸ் கார்னரில் இருக்கும் இரண்டு ஓக் மரங்கள் மேல் டாய்லெட் பேப்பர் சுருளை வீசிக் கொண்டாடுவார்கள். 2010இல் எதிர் அணி ரசிகர் ஒருவர் ஒரு தோல்விக்குப் பிறகு அந்த மரங்களுக்கு விஷம் வைத்தார். காப்பாற்ற முடியவில்லை, 2013இல் வெட்டி எடுத்தார்கள். மரம் என்ன பாவம் செய்தது?


அயோவா_அப்பா எழுதியது:

எண்கணக்கன் அண்ணா, பணத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆபர்ன் கதையில் ஒன்று விட்டுவிட்டீர்கள். விஷம் வைத்தது தெரிந்ததும், எதிர் அணியான அலபாமா பல்கலைக்கழகத்தின் ரசிகர்களே அந்த மரங்களுக்காகப் பணம் திரட்டக் கிளம்பினார்கள்.

நான் எழுத வந்தது வேறு. எனக்கு ஃபுட்பால் பிடிக்காது, இன்னமும் விதிகள் அரைகுறைதான். ஆனால் அயோவா சிட்டியில் கின்னிக் ஸ்டேடியத்துக்கு எதிரே குழந்தைகள் மருத்துவமனை ஒன்று இருக்கிறது. உயரமான கட்டடம், ஜன்னலிலிருந்து மைதானம் அப்படியே தெரியும். பன்னிரண்டாம் மாடியில் குழந்தைகளும் பெற்றோரும் உட்கார்ந்து ஆட்டம் பார்க்க இடம் வைத்திருக்கிறார்கள். 2017இல் ஒரு ரசிகை ஃபேஸ்புக்கில் ஒரு யோசனை சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்திலும், முதல் கால் பகுதி முடிந்ததும் ஸ்டேடியத்தில் இருக்கும் அத்தனை பேரும் அந்தக் கட்டடத்தைப் பார்த்துத் திரும்பிக் கையசைக்கிறார்கள். ரசிகர்கள் மட்டுமில்லை. வீரர்கள், எதிர் அணி, நடுவர்கள், எல்லாரும்.

என் மகன் ஆறு வயதில் அங்கே மூன்று வாரம் இருந்தான். வலது கையில் ஊசி ஏற்றியிருந்தார்கள், பலகை வைத்துக் கட்டியிருந்தது. அன்று சனிக்கிழமை. நர்ஸ் வந்து, "நேரமாச்சு, ஜன்னலுக்கு வாங்க" என்று கட்டிலைச் சக்கரத்தோடு தள்ளிக்கொண்டு போனார். கீழே கறுப்பும் மஞ்சளுமாக அறுபதாயிரத்துக்கும் மேல் ஜனம். திடீரென்று எல்லா முகமும் எங்கள் பக்கம் திரும்பியது. எல்லாக் கைகளும் மேலே. இவன் இடது கையைத் தூக்கி ஆட்டினான். கண்ணாடியில் விரல் பட்டுப் பட்டு 'டக் டக்' என்று சத்தம். அந்தச் சத்தம் எனக்கு இன்னமும் கேட்கிறது.

என் மாமியார் அப்போது கரூரிலிருந்து வந்திருந்தார். "மாப்பிள்ளை, இவங்க எல்லாம் யாரு? நம்மள யாருன்னு இவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் கீழே பார்த்துக் கை கூப்பினார்.

அவன் இப்போது நன்றாக இருக்கிறான். நாங்கள் வேறு ஊருக்கு வந்துவிட்டோம். சனிக்கிழமைகளில் அந்த நிமிடத்தை மட்டும் டிவியில் போட்டுப் பார்க்கிறோம்.


மதுரைப்பெண் எழுதியது:

அயோவா தம்பி, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. பிள்ளை நூறு வருடம் நன்றாக இருக்கட்டும்.


தொண்ணூற்றொன்பது எழுதியது:

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். 1999இல் நான் ஏ அண்ட் எம் இருக்கும் காலேஜ் ஸ்டேஷன் ஊரில் முதுகலை மாணவன்.

அந்தக் காலத்தில் பான்ஃபயர் என்று ஒன்று இருந்தது. எங்கள் பழைய எதிரியான, ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தோடு ஆடும் ஆட்டத்துக்கு முன்னால், மாணவர்களே காட்டில் மரம் வெட்டி, கொண்டுவந்து, அடுக்கடுக்காக நிமிர்த்தி ஒரு கோபுரம்போல் கட்டிக் கொளுத்துவார்கள். 1900களின் முதல் பத்தாண்டிலிருந்து வந்த வழக்கம். இடையில் ஒரே வருடம் கொளுத்தாமல் பிரித்துப் போட்டார்கள். 1963, கென்னடி சுடப்பட்ட வாரம்.

1999 நவம்பர் 18, விடியற்காலை 2:42. கிட்டத்தட்ட 5,000 மரங்கள் அடுக்கியிருந்த அந்தக் கோபுரம், பையன்களும் பெண்களும் மேலே வேலை செய்துகொண்டிருக்கும்போதே சரிந்தது. 12 பேர் போய்விட்டார்கள். 27 பேருக்குக் காயம்.

எங்கள் அபார்ட்மென்டில் ஆம்புலன்ஸ் சத்தத்தில் விழித்தோம். ஒன்று, இரண்டு என்றால் பரவாயில்லை, சத்தம் நிற்கவே இல்லை. விடிந்ததும் நடந்தே போனோம். அவ்வளவு கூட்டம், ஒருவரும் பேசவில்லை. அடியில் உயிரோடு இருப்பவர்கள் முனகினால் கேட்க வேண்டும் என்பதால் மரத்தை ஒவ்வொன்றாகத்தான் எடுத்தார்கள். கிரேனை மட்டும் நம்ப முடியவில்லை. ஃபுட்பால் வீரர்கள் பயிற்சியை விட்டுவிட்டு வந்து தோளில் மரம் தூக்கினார்கள். அதுவரை நாங்கள் அவர்களுக்காக நின்றோம். அன்றைக்கு அவர்கள் இறங்கி வந்தார்கள்.

எட்டு நாள் கழித்து, நவம்பர் 26, ஆட்டம் நடந்தது. எதிர் அணியின் பேண்ட் வாத்தியக்குழு இடைவேளையில் களத்துக்கு வந்து இறுதி மரியாதை இசையை வாசித்தது. வாசித்து முடித்ததும் அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். நூறு வருடப் பகை அது! எங்கள் பேண்ட் வந்து, அணிவகுப்பை முடித்துவிட்டு, வாத்தியம் வாசிக்காமல் மௌனமாகக் களத்தை விட்டு நடந்தது. 80,000 பேருக்கு மேல் இருந்த இடத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது. பாதியில் பின்தங்கியிருந்த ஏ அண்ட் எம் கடைசியில் 20க்கு 16 என்று ஜெயித்தது. ஸ்கோர் எனக்கு அன்று முக்கியமாகப் படவில்லை, ஆனாலும் மறக்கவில்லை.


எண்கணக்கன் எழுதியது:

அண்ணா, உங்கள் துக்கத்தில் குத்துவதற்காகக் கேட்கவில்லை. ஆனால் நான் சொல்ல வந்ததே இதுதான். விசாரணைக் குழு 2000இல் அறிக்கை கொடுத்தது. கட்டிய விதத்தில் கோளாறு, அதைக் கேள்வி கேட்கவும் மேற்பார்வை செய்யவும் ஆள் இல்லாதது, இரண்டையும் சொன்னது. வழக்கம் என்பதாலேயே யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டு வீட்டில் பிள்ளை இல்லை. இதற்கு எந்த இசை ஈடு?


தொண்ணூற்றொன்பது எழுதியது:

ஈடு இல்லை தம்பி. நீங்கள் சொல்வது சரி. நான் சிவில் இஞ்சினியரிங் மாணவன். தினமும் அந்த வழியாகத்தான் சைக்கிளில் போவேன். வளர்ந்துகொண்டே போகும் அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேனே தவிர, இதற்கு வரைபடம் எங்கே என்று ஒருநாளும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. 26 வருடமாகிறது, இன்று நான் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு வரைபடத்திலும் அது இருக்கிறது.

பல்கலைக்கழகம் அதற்குப் பிறகு தன் வளாகத்தில் பான்ஃபயர் கட்டவில்லை. 2024இல் பழைய பகை ஆட்டம் மறுபடி தொடங்கியபோது திரும்பக் கொண்டுவரலாமா என்று பேச்சு வந்தது. வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். வழக்கத்தை நேசிப்பவனுக்கு எதை விட வேண்டும் என்றும் தெரிய வேண்டும்.

அந்த இடத்தில் இப்போது நினைவிடம் இருக்கிறது. வட்டமாகப் பன்னிரண்டு வாசல்கள். ஒவ்வொரு வாசலும் அந்தந்தப் பிள்ளையின் சொந்த ஊர் இருக்கும் திசையைப் பார்த்து நிற்கும். மதுரைப்பெண் அக்கா, உங்கள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை அங்கே போய்விட்டு வாருங்கள்.


திருச்சி_லேகா எழுதியது:

நான் அங்கே படிக்கவில்லை, கணவர் படித்தார். பெரிய விஷயங்களை எல்லாரும் எழுதிவிட்டீர்கள். எனக்குப் பிடித்த சின்ன விஷயம் ஒன்று. அந்தப் பல்கலைக்கழகத்தின் சின்னம் ரெவெலி என்ற நாய். முதல் ரெவெலி தெருநாய், 1931இல் மாணவர்கள் ஓட்டிவந்த காரில் அடிபட்டது. தூக்கிக்கொண்டு போய் விடுதியில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். காலையில் எழுப்பும் பியூகிள் ஊதியதும் குரைத்ததாம், அந்தப் பியூகிள் இசையின் பெயரையே வைத்துவிட்டார்கள். இப்போது இருப்பது கோலி இனம். இறந்துபோன ரெவெலிகள் ஸ்டேடியத்தின் வடக்கு வாசலுக்கு வெளியே, ஸ்கோர் போர்டைப் பார்த்தபடி புதைக்கப்பட்டிருக்கின்றன. ஸ்டேடியத்தைப் பெரிதாகக் கட்டியபோது சுவர் மறைத்துவிட்டது. அதனால் அந்தச் சமாதிகளுக்கு என்றே வெளியே தனியாக ஒரு சின்ன ஸ்கோர் போர்டு வைத்தார்கள். நான் நேரில் பார்த்தேன்.

அப்புறம் இன்னொன்று. அந்த மாணவர்கள் தங்கள் அணியை ஒருபோதும் கூக்குரலிட்டு அவமானப்படுத்த மாட்டார்கள். சொந்த மைதானத்தில் ஆட்டம் தோற்றால், கேலரியிலேயே நின்று அடுத்த வாரத்துக்குக் கோஷம் பழகிவிட்டுத்தான் கிளம்புவார்கள்.


கோவை2009 எழுதியது:

எண்கணக்கன் அண்ணா, கோச்சுக்குப் போன பணத்தை நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் மேலே கணக்குப் பார்ப்பவர்கள் வேறு, கீழே நிற்பவர்கள் வேறு. நிற்பவனுக்கு ஒரு காசு கிடைப்பதில்லை.

அக்கா, உங்கள் கேள்விக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது, முதல் பதிவில் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 21 அன்று மஸ்டர் என்று ஒன்று நடக்கும். நம் ஊரில் மஸ்டர் ரோல் என்போமே, அதே சொல்தான். உலகத்தில் எங்கெல்லாம் பழைய மாணவர்கள் இருக்கிறார்களோ அங்கெல்லாம், முந்நூறுக்கும் மேற்பட்ட இடங்களில் கூடுவார்கள். 1942இல் பிலிப்பைன்ஸில் கொரெஹிடோர் தீவில், ஜப்பானியக் குண்டுகளுக்கு நடுவிலும் அதை நினைத்தார்கள். அந்த வருடத்தில் இறந்துபோன மாணவர்கள், பழைய மாணவர்கள் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். பெயர் வாசித்ததும் அவர் சார்பாக ஒருவர் "இங்கே இருக்கிறேன்" என்று சொல்லி மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். பள்ளிக்கூடத்தில் "உள்ளேன் ஐயா" சொல்வோமே, அப்படி.

காலேஜ் ஸ்டேஷனில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் திருச்சிக்காரன். ஞாயிற்றுக்கிழமை ரசம் அவன் வைத்தால்தான் ரசம். 36 வயதில் மாரடைப்பு. அவன் அம்மா அப்பாவால் விசா எடுத்து வர முடியவில்லை. அந்த ஏப்ரலில் ஹூஸ்டன் மஸ்டரில் அவன் பெயரை வாசித்தார்கள். நம் பெயர், அவர்கள் வாயில் கொஞ்சம் உடைந்துதான் வந்தது. முன்னூறு பேர் இருந்த ஹாலில் நான் எழுந்து சொன்னேன். என்னோடு சேர்ந்து, அவனை ஒருநாளும் பார்த்திராத வயதான வெள்ளைக்காரர் ஒருவரும் எழுந்து நின்றார். போனில் வீடியோ எடுத்து அவன் அம்மாவுக்கு அனுப்பினேன். அவர் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்டார்: "எம்பிள்ளைக்காக அத்தனை பேர் நின்னாங்களா தம்பி?"


எண்கணக்கன் எழுதியது:

தம்பி, இதற்கு என்னிடம் பதில் இல்லை. பணத்தைப் பற்றியும் அடிபடும் பையன்களைப் பற்றியும் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் இதை நான் அறிந்திருக்கவில்லை. அந்த அம்மாவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.


மதுரைப்பெண் எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். நேற்று நாங்கள் இரண்டு பேரும் போனோம். இவரையும் இழுத்துக்கொண்டுதான் போனேன்.

காலையில் முதலில் நினைவிடத்துக்குப் போனோம். பெண் ஒவ்வொரு வாசலிலும் நின்று பெயரை வாய்க்குள் படித்தாள். ஒரு வாசலில் யாரோ வெள்ளைத் துண்டு ஒன்றை மடித்து வைத்திருந்தார்கள். இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கார் பக்கம் திரும்பும்போது மட்டும், "எல்லாம் நம்ம பிள்ளை வயசு" என்றார்.

ஆட்டத்தில் எங்களுக்கு வேறு பகுதியில் சீட், அங்கே உட்காரலாம். நான் உட்காரவில்லை. ஒரு கட்டத்தில் எல்லாரும் தோளோடு தோள் கை போட்டுக்கொண்டு இடமும் வலமுமாக ஆடுகிறார்கள். கால் அடியில் கான்கிரீட்டே அசைவதுபோல் இருந்தது, பயந்துபோய் இவரைப் பிடித்துக்கொண்டேன். இந்தப் பக்கம் ஒரு பாட்டி, என் வயதைவிட இருபது வயது கூட இருக்கும், என் தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டார். எதிர்ப்பக்கத்தில் அந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் என் பெண் எங்கே என்று தேடிக்கொண்டே இருந்தேன். தெரியவில்லை.

கோவை தம்பி, ஏப்ரல் 21 ஹூஸ்டனில் வெளியாட்களும் வரலாமா? நான் வந்தால் உங்கள் நண்பரின் அம்மாவிடம் போனில் பேச முடியுமா?


கோவை2009 எழுதியது:

வாங்க அக்கா, யாரும் வரலாம். அம்மாவுக்கு இன்றைக்கே போன் பண்ணிச் சொல்கிறேன். அவர் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் எடுப்பார், கோயிலுக்குப் போய்விட்டு வருவார். எண் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.